ஓரடி பின்னாடி

வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும்: ஜூமா, பிரைமா.

இன்ஜினியர் அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. கோப்பைக் கட்டிக்கொண்டே, லென்ஸ் வாங்க ஒப்புதல் வந்துவிட்டது, ஒன்றுதான் கிடைக்கும், எது வேண்டுமென்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்றார். எனக்கு யோசிக்கவே அலுப்பாக இருந்தது. பதிலும் ஏறக்குறைய தயாராகத்தான் இருந்தது. ஜூம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்துவிடலாம். ஆனாலும் வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

ஸ்டூடியோவை விட்டு இந்த அலுவலகத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஸ்டூடியோ என்றால் ஒரு நீள அறை, ஒரு திரை, இரண்டு விளக்கு. அங்கே என்னிடம் இருந்தது ஒரே ஒரு பிரைம் லென்ஸ். அது கூட்டிக் குறைத்துக் காட்டாது. ஆள் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் நான் கிட்டே போக வேண்டும், எல்லாரும் அடங்க வேண்டுமானால் நான் பின்னால் நகர வேண்டும். அந்த அறையில் இரண்டு எட்டு வைத்தால் முதுகு சுவரில் முட்டும். அதனால் எதிரில் நிற்பவர்களைத்தான் நகரச் சொல்வேன். "எல்லாரும் ஓரடி பின்னாடி." ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் மாமா தன் வீட்டாரோடு படமெடுத்துக்கொள்ள வந்தார். நான்கு தடவை ஓரடி பின்னால் போய்த் திரைக்குள்ளேயே புகுந்துவிட்டார். "இன்னும் ஓரடின்னா நான் அடுத்த தெருவுல நிப்பேன் மச்சான்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அன்றிலிருந்து குடும்பத்தில் எனக்கு அதுதான் பெயர். ஓரடி வந்தாச்சா, ஓரடி சாப்பிட்டானா. லென்ஸ் கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

இப்போது நான் ஆட்களைப் படமெடுப்பதில்லை. விரிசல்களை எடுக்கிறேன். எங்கள் அலுவலகம் பழைய கட்டடங்களைச் சோதித்து, இருக்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுக்கும். சந்தேகமான விரிசலை மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில் நின்று, ஒரே அளவில் எடுக்க வேண்டும். படங்களை வரிசையாக வைத்து இன்ஜினியர் அளப்பார். விரிசல் வளர்ந்தால் சுவர் நகர்கிறது. வளராவிட்டால் நிற்கிறது. வேலை அவ்வளவுதான். விரிசல் கண் சிமிட்டாது, முகத்தைத் திருப்பாது, இன்னொன்று எடுங்க என்று கேட்காது. எனக்குப் பிடித்திருந்தது.

போன வருடம் இந்தப் பட்டியலில் அக்கா குடியிருக்கும் கட்டடம் வந்து சேர்ந்தது.

எட்டு மாடி. அக்காவும் மாமாவும் மூன்றாவதில். அங்கே இருந்த விரிசல்களில் பெரும்பாலானவை பூச்சில் விழுந்த மயிரிழைகள். அவற்றின் குறுக்கே கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவைத்தார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒன்று மட்டும் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. படிக்கட்டு சுற்றிச் சுற்றி ஏறும் நடுப்பள்ளத்துக்கு அந்தப் பக்கம், உயரத்தில், ஒரு ஜன்னலின் மூலையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் படம் ஒன்றால்தான் அளக்க முடியும். ஆறாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியை ஒட்டி என்னை நிற்க வைத்து, என் செருப்பைச் சுற்றி மஞ்சள் பெயிண்டால் கோடு இழுத்தார்கள். இரண்டு மஞ்சள் பாதங்கள். அதில் நின்று, கைப்பிடிக்கு மேல் உடம்பைச் சாய்த்து, பிரைம் லென்ஸால் எடுத்தால் அந்த விரிசல் படத்தின் நடுவில் வரும். இடது ஓரத்தில் ஒரு குழாய் தெரியும். சுற்றிலும் வெறும் சுவர்.

ஒரு வருடம் பார்ப்போம், நகர்ந்தால் எல்லாரும் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று குடியிருப்பவர்களிடம் இன்ஜினியர் சொல்லியிருந்தார். அக்கா அன்று என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவின் வேலை ஊர் ஊராக மாற்றல் போடுகிற வேலை. முப்பத்தொரு வருடத்தில் பதினான்கு வீடு. ஒவ்வொரு தடவையும் அக்காதான் பெட்டி கட்டினாள், அக்காதான் பிரித்தாள். பிரிக்காமலே அடுத்த ஊருக்குப் போன பெட்டிகளும் உண்டு. வேலை முடிந்து, இருந்ததையெல்லாம் போட்டு இந்த வீட்டை வாங்கிய மறுநாள், அத்தனை அட்டைப்பெட்டிகளையும் மிதித்துத் தட்டையாக்கி, பழைய பேப்பர்காரரிடம் தூக்கிப் போட்டாள். காசு தருகிறேன் என்றதற்கு வேண்டாம், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றாளாம். "உங்கக்கா சிரிச்சு நான் பார்த்தது அன்னிக்குத்தான்" என்பார் மாமா. "எங்க கல்யாணப் படத்துலகூடப் பல் தெரியாது, நீதானே எடுத்த."

எட்டு மாதம் ஒழுங்காக எடுத்தேன். விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. எட்டாவது மாதப் படத்தில் அதன் கீழ்நுனி, படத்தின் அடி விளிம்புக்கு ஒரு விரற்கடை மேலே வந்துவிட்டது. அப்போது பிரைம் லென்ஸில் பூஞ்சை பிடித்து, ஃபோகஸ் வளையமும் இறுகிப்போனது. கடைக்காரர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, அலுவலகம் எதையாவது வாங்கும்வரை இதை வைத்துக்கொள் என்று ஒரு ஜூமைக் கொடுத்தார்.

"ஜூம் வச்சிருக்கவன் கையால நடப்பான். பிரைம் வச்சிருக்கவன் காலால நடக்கணும். உன் காலு எப்படி இருக்கு?"

காலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டடத்தில் லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். ஆறாவது மாடிக்குப் போய்ச் சேரும்போது இரண்டு முழங்காலும் தனித்தனியாகப் பேசும். ஒன்பதாவது மாதம், மஞ்சள் பாதங்களுக்கு இரண்டு எட்டு பின்னால் இருந்த படியில், மூச்சு வாங்குவதற்காக உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடி சும்மா கேமராவைக் கண்ணில் வைத்தேன். அங்கிருந்தே விரிசல் தெரிந்தது. வளையத்தைத் திருப்பினால் கிட்டே வந்தது. பையில் போன மாதப் படம் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, அதில் இருப்பது போலவே விரிசல் வரும்வரை வளையத்தைத் திருப்பி, அழுத்தினேன். எழுந்திருக்காமலே வேலை முடிந்தது. பத்தாவது மாதமும் அப்படியே. பதினொன்றாவது மாதமும்.

மூன்று மாதமாக வளர்ச்சி இல்லை, வருடம் முடியக் காத்திருக்க வேண்டாம் என்று இன்ஜினியர் எழுதினார். அறிக்கை திங்கட்கிழமை போகிறது. லிஃப்டைத் திறந்துவிடுவார்கள். அக்கா தச்சரைக் கூப்பிட்டுவிட்டாள். சுவரோடு சேர்த்து அலமாரி போட வேண்டுமாம். கழற்றி எடுத்துப் போக முடியாத அலமாரி.

புதன்கிழமை மதியம் வீட்டில் யாரும் இல்லை. மேஜையில் பதினொரு படங்களையும் பரப்பினேன். எட்டு பிரைம், மூன்று ஜூம். எந்த லென்ஸ் நல்லது என்று பார்க்க வேண்டுமானால் படத்தின் நடுவைப் பார்க்கக் கூடாது. நடுவில் எல்லா லென்ஸும் நல்ல பிள்ளை. ஓரத்தைப் பார்க்க வேண்டும். பூதக்கண்ணாடியை எடுத்து ஓரங்களை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். பிரைமில் ஓரம் சுத்தமாக இருந்தது. இடது விளிம்பில் அந்தக் குழாய், குழாயைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளாம்ப், அதில் ஒரு ஸ்க்ரூ. எட்டு படத்திலும் ஒரு ஸ்க்ரூ. கிளாம்பின் மற்ற ஸ்க்ரூ விளிம்புக்கு வெளியே.

ஜூம் படங்களில் ஓரம் கொஞ்சம் குழைந்திருந்தது. ஒன்பதாவது மாதம், ஒரு ஸ்க்ரூவும் இன்னொன்றின் விளிம்பும். பத்தாவது மாதம், ஒன்றரை ஸ்க்ரூ. பதினொன்றாவது மாதம், இரண்டு ஸ்க்ரூவும் முழுதாக, அதற்கப்பால் கொஞ்சம் சுவரும்.

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தேன். பக்கத்து வீட்டில் யாரோ வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது நிரம்பி, நின்று, மறுபடி அடுத்த வாளி தொடங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

புரிந்துகொள்ளக் கடினமாக ஒன்றுமில்லை. போன மாத விரிசலும் இந்த மாத விரிசலும் ஒன்றாகத் தெரியும்வரை வளையத்தைத் திருப்பியவன் நான். விரிசல் நீள நீள, அதைப் பழைய நீளத்துக்குள் அடக்கப் படத்தையே சுருக்கியிருக்கிறேன். படம் சுருங்கச் சுருங்க, வெளியே இருந்த ஸ்க்ரூ உள்ளே வந்திருக்கிறது. விரிசலை வைத்தே விரிசலை அளந்திருக்கிறேன். அப்படி அளந்தால் உலகத்தில் எந்த விரிசலும் வளராது.

இதை ஒரு கற்றுக்குட்டி செய்ய மாட்டான். அவனுக்குப் பயம் இருக்கும், போய் மஞ்சள் பாதத்தில் நிற்பான். முப்பது வருடம் கண்ணாலேயே அளந்து பழகியவன்தான் செய்வான். முழங்கால் வலித்தது, உட்கார்ந்தேன். அது உண்மை. ஆனால் மடியில் வைத்திருந்த படத்தோடு ஒத்துப்போனபோது எனக்குள் ஏதோ ஒன்று ஆறுதலாகக் கீழே இறங்கியதே, அது முழங்கால் இல்லை. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

வியாழன் காலை கடைக்குப் போய்ப் பழைய பிரைமைக் கேட்டேன். பூஞ்சை ஓரத்தில்தான், நடுவில் ஒன்றுமில்லை, ஆனால் வளையம் இறுகிக் கிடக்கிறது, இதை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்றார் கடைக்காரர்.

"நிக்கப் போறேன்" என்றேன்.

மூன்றாவது மாடியில் அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. தச்சர் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், இந்தத் தட்டில் கண்ணாடிப் பாத்திரம், இதில் துணி, இதில் உங்க மாமாவோட குப்பை என்று காற்றில் காட்டினாள். மாமா பால்கனி நாற்காலியில் இருந்தபடி, மாசம் இன்னும் முடியலையே ஓரடி, என்ன இந்தப் பக்கம் என்றார். இன்னும் ஒரு படம் தேவைப்படுகிறது என்றேன். அக்கா தேநீர் போடட்டுமா என்றாள். திரும்பி வரும்போது என்றேன். அவள் என் பையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். 

ஆறாவது மாடித் திருப்பத்தில் யாரும் பெருக்குவதில்லை. மஞ்சள் பாதங்களின்மேல் மூன்று மாதத் தூசி மெலிதாகப் படிந்திருந்தது. இரண்டு எட்டு தள்ளி, படியில் மட்டும் தூசி இல்லை. ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்குப் பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு செருப்பால் தூசியை ஒதுக்கிவிட்டு, கோட்டுக்குள் இரண்டு காலையும் வைத்தேன். கைப்பிடி விலாவில் அழுத்தியது. சாய்ந்தேன். வளையம் முக்கி முனகித் திரும்பியது.

இடது ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ. நடுவில் விரிசல். அதன் கீழ்நுனியைத் தேடினேன். இல்லை. அடி விளிம்பைத் தாண்டிப் படத்துக்கு வெளியே போயிருந்தது. கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். ஜன்னல் மூலையைத் தொட்டுவிட்டது. மூன்று தடவை அழுத்தினேன். ஒன்று போதும்.

நான் இறங்கி வந்தபோது தச்சர் இல்லை. மரம் பார்த்துவரப் போயிருக்கிறார் என்றாள் அக்கா. மேஜையில் தேநீர் மூடிவைத்திருந்தது. நான் நின்றபடியே சொன்னேன். எப்படி உட்கார்ந்தேன், எப்படித் திருப்பினேன், ஸ்க்ரூ எப்படி உள்ளே வந்தது, இன்றைக்கு எடுத்ததில் என்ன தெரிகிறது. கேமராவின் திரையையும் காட்டினேன். அவள் அதை வாங்கிப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு முறை பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டாள். பால்கனியில் மாமாவின் நாற்காலி கிறீச்சிடுவது நின்றது.

வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டாள். யாருக்கும் தெரியாது என்றேன். அறிக்கை எப்போது போகிறது என்றாள். திங்கட்கிழமை என்றேன். தேநீர் மூடியை எடுத்தாள், மறுபடி மூடினாள். நான் தம்பியாகப் பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அதனால் அவள் கேட்கப் போகிறாள் என்று தெரிந்தபோது எனக்குக் கைப்பிடி மறுபடி விலாவில் அழுத்துவது போலிருந்தது.

"ஊரையெல்லாம் ஓரடி பின்னாடி போகச் சொன்னியே," என்றாள். குரல் ஏறவில்லை. "ஒரே ஒரு தடவை நீ போடா. எனக்காக. ஓரடி."

 சுவரில் தச்சரின் பென்சில் கோடுகள் இருந்தன. நேராகப் போட்டிருந்தார்.

"மூணு மாசமா அங்கதான் அக்கா உக்காந்திருந்தேன்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஒப்புக்கொண்டாளா, கேட்டுக்கொண்டாளா தெரியாது. மாமா மெல்ல எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். ஏதோ சொல்ல வேண்டுமே என்றுதான் சொன்னார். "பதினாறாவது வீடு. சமையக்கட்டுல குழா இடது பக்கமா, வலது பக்கமா? நான் இடதுன்னு பந்தயம் கட்டுறேன்."

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் "எப்பவும் தோத்தவர்தானே நீங்க" என்றாள். பிறகு என்னிடம், ஆறிப்போச்சு, சூடு பண்ணித் தரேன் என்று எழுந்தாள். வேண்டாமென்று அப்படியே குடித்தேன்.

வெள்ளிக்கிழமை இன்ஜினியரின் மேஜையில் இரண்டு படங்களை வைத்தேன். பதினொன்றாவது மாதத்தது, நேற்றையது. ஸ்க்ரூவை விரலால் காட்டினேன். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் ஸ்கேலை வைத்தார். கால்குலேட்டரைத் தட்டினார். மூன்று மாதப் படங்களையும் எடுத்து ஸ்க்ரூக்களுக்கு இடையே அளந்தார். நன்றாக அளப்பவர். நான்கு பக்க அறிக்கையை உறையிலிருந்து உருவி, குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க அக்கா அங்கதானே இருக்காங்க?"

"ஆமா சார்."

"தெரிஞ்சு பண்ணீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தெரியல சார்" என்று வந்தது.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த மாதத்திலிருந்து போகிற கட்டடத்துக்கெல்லாம் என்னோடு உதவியாளர் ஒருவர் வருவார், நான் மஞ்சள் பாதத்தில் நிற்கிறேனா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார் என்றார். சரி என்றேன். கோட்டுக்குள் நிற்கிறேனா என்று காவல் காக்க ஒரு ஆள். கோபம்கூட வரவில்லை. எழுந்து கதவுவரை போனபின்தான் அவர் கேட்டார், எந்த லென்ஸ் என்று சொல்லவே இல்லையே.

பிரைம் என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் கடைக்காரர் புது லென்ஸைக் கொடுத்து, ஜூமைத் திரும்ப வாங்கிக்கொண்டார். உனக்குப் பைத்தியம், அந்தக் காலை வைத்துக்கொண்டு இது தேவையா என்றார். அங்கிருந்தே பேருந்து பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். கட்டட வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். முப்பது நாள். ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்திருந்தன. உள்ளே ஆட்கள் கனமான எதையோ இழுக்கும் சத்தம். இரண்டாவது மாடியில் ஒரு பெண் என் கேமராப் பையைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அக்கா தரையில் உட்கார்ந்து பழைய செய்தித்தாளில் கண்ணாடி டம்ளர்களைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை நிற்கவில்லை. டம்ளரைப் படுக்கவைத்து, மூலையை மடக்கி, ஒரு உருட்டு, வாய்க்குள் ஒரு திணிப்பு. பதினான்கு வீட்டில் பழகிய கை. சுற்றியவை ஒரு போர்வையின்மேல் வரிசையாகக் கிடந்தன. வைக்கப் பெட்டி இல்லை. அலமாரிக்காகப் போட்ட பென்சில் கோடுகளை யாரோ துணியால் துடைத்திருந்தார்கள், முழுதாகப் போகவில்லை.

மாமா வீடு பார்க்கப் போயிருக்கிறார் என்றாள். நான் எதிரில் உட்கார்ந்து ஒரு டம்ளரை எடுத்தேன். நீ சுத்தினா உடைஞ்சிரும், வை என்றாள். வைத்தேன். வேறெங்கும் பார்க்க முடியாமல் பையைத் திறந்து புது லென்ஸைப் பெட்டியோடு வெளியே எடுத்தேன். உறுதியான, சின்னக் கறுப்பு அட்டைப்பெட்டி, உள்ளே லென்ஸ் அசையாமலிருக்க வெட்டிய பஞ்சு. அவள் கை முதல்முறையாக நின்றது.

"இதுதானா?"

"இதுதான்."

"லென்ஸை எடுத்துக்கோ. பெட்டிய வச்சிட்டுப் போ."

எடுத்துக் கொடுத்தேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போய், சர்க்கரை போட்டுவைக்கும் சின்னக் கண்ணாடி ஜாடியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தாள். பஞ்சுக் குழியில் அதை இறக்கினாள். அளவெடுத்தது போல உட்கார்ந்தது. மூடியை மூடி, காதில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். சத்தம் இல்லை. தச்சர் விட்டுவிட்டுப் போன பென்சிலால் மேலே 'சமையல்' என்று எழுத முயன்றாள். கறுப்பு அட்டையில் எழுத்துத் தெரியவில்லை. சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் மட்டும் மின்னியது.

"அந்தக் கடையில இன்னும் பெட்டி இருக்குமாடா?" என்றாள்.

கேட்டு வாங்கி வருகிறேன் என்றேன். பெரிதாக இருந்தால் நல்லது என்றாள்.